டெஸ்லாவிலிருந்து நியூட்டனுக்கு: காந்தப்புல அலகை விசைக் கணக்கில் கொண்டுவருவது எப்படி?

காரைக்குடியில் சீப்புச் சீடையும் மணகோலமும் போட்டு விற்கும் ஆச்சி ஒருவர், அரைத்த மாவில் கலந்துவிடும் இரும்புத் துகளைப் பிடிக்க ஒரு காந்தத் தண்டு வாங்கலாமென்று விலை விசாரித்துவிட்டு வந்தார். "தம்பி, பன்னெண்டாயிரம் காஸுன்னு சொல்றாக. அப்படின்னா எத்தனை கிலோ இழுக்கும்?" என்று கேட்டார். அதே வாரம் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ மாணவி, "சார், ஒரு டெஸ்லாவுக்கு எத்தனை நியூட்டன்?" என்றாள்.

காஸும் டெஸ்லாவும் காந்தப்புலத்தை அளக்கும் அலகுகள், நியூட்டன் விசையின் அலகு. ஆக இரண்டும் ஒரே கேள்விதான். இரண்டுக்கும் ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. கிலோமீட்டரை மீட்டராக்குவதுபோல டெஸ்லாவை நியூட்டனாக்க வழியில்லை. புலம் என்பது ஓர் இடத்தின் நிலை. விசை என்பது அந்த இடத்தில் வந்து நிற்கும் பொருளுக்கு நேர்வது. நடுவில் அந்தப் பொருளைப் பற்றிய விவரம் வந்தாக வேண்டும். மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் விடையும் மாறிவிடுகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சைன், கொசைன் பார்க்கும் கால்குலேட்டர் ஒன்று. அது டிகிரி முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். வேறு எண் வந்தால் ரேடியன் முறையில் கிடக்கிறது.

பத்தின் அடுக்குகளைக் கூட்டிக் கழிக்கும் பழக்கமும் வேண்டும். காந்தக் கணக்கில் தவறும் மதிப்பெண்ணில் பாதி இயற்பியலில் போவதில்லை, அடுக்கில்தான் போகிறது.

1. எதன் மீது விசை என்று முதல் வரியில் எழுதுங்கள்

சூத்திரத்தை எழுதும் முன், புலத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். ஓடும் மின்னூட்டமா, மின்னோட்டம் பாயும் கம்பியா, கம்பிச்சுருளா, இரும்பா? எந்தச் சூத்திரம் என்பதை அந்தச் சொல் முடிவு செய்துவிடும்.

மின்னூட்டம் என்றால்: விசை = மின்னூட்டம் × வேகம் × புலம் × சைன் கோணம்.

கம்பி என்றால்: விசை = புலம் × மின்னோட்டம் × நீளம் × சைன் கோணம்.

சுருள் என்றால் கவனம். சீரான புலத்தில் மூடிய சுருளின் மீது மொத்த விசை பூஜ்ஜியம். திருப்புவிசை மட்டும்தான் இருக்கும். அதன் அலகு நியூட்டன் மீட்டர், நியூட்டன் அல்ல. "சுருளின் மீதான விசை" என்று வினாவில் பார்த்தவுடன் கம்பிச் சூத்திரத்தைப் போட்டு, சுருளின் முழுச் சுற்றளவையும் நீளமாக எடுத்துவிடுகிறார்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்கிறது, இரண்டு விசையும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்பதைப் படம் போட்டுப் பார்த்தால் இந்தத் தவறு வராது.

இரும்பு என்றால் அது தனிக் கதை. எட்டாம் படியில் வருகிறது.

2. டெஸ்லாவை உடைத்துப் பாருங்கள்

1 டெஸ்லா = 1 நியூட்டன் ÷ (1 ஆம்பியர் × 1 மீட்டர்)

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கம்பிச் சூத்திரத்தைத் திருப்பி எழுதினாலே வந்துவிடும். சொல்லில் சொன்னால்: 1 மீட்டர் நீளக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது, கம்பிக்குச் செங்குத்தான புலம் அதை 1 நியூட்டன் விசையோடு தள்ளினால், அந்தப் புலம் 1 டெஸ்லா.

நியூட்டன் அலகுக்கு உள்ளேயே இருக்கிறது. ஆனால் தனியாக இல்லை. ஆம்பியரும் மீட்டரும் கீழே நிற்கின்றன. அந்த இரண்டையும் நீங்கள் கொடுத்தால்தான் நியூட்டன் வெளியே வரும். என் மாணவிக்கு நான் சொன்ன விடையும் இதுதான்.

மின்னூட்டச் சூத்திரத்திலும் சரிபார்க்கலாம். கூலும் என்பது ஆம்பியர் × வினாடி. வேகம் மீட்டர் ÷ வினாடி. இரண்டையும் பெருக்கினால் வினாடி அடிபட்டு ஆம்பியர் × மீட்டர் மிஞ்சும். அதை டெஸ்லாவால் பெருக்கினால் நியூட்டன். வேறு வேறு சூத்திரங்கள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றே என்பது இந்த இரண்டு வரியில் விளங்கிவிடும்.

வெபரும் இதே குடும்பம்: 1 டெஸ்லா = 1 வெபர் ÷ சதுர மீட்டர். வினாவில் வெபர் மட்டும் கொடுத்திருந்தால் அது காந்தப்பாயம், அதாவது ஒரு பரப்பின் வழியே செல்லும் மொத்தப் புலம். பரப்பால் வகுத்த பிறகே விசைச் சூத்திரத்துக்குள் போக வேண்டும்.

3. எல்லா எண்ணையும் மாற்றி முடித்த பிறகே பிரதியிடுங்கள்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1 டெஸ்லா = 10,000 காஸ். காஸ் சிறிய அலகு, அதனால் எண் பெரிதாக இருக்கும். டெஸ்லாவாக்க 10,000 ஆல் வகுக்க வேண்டும். 12,000 காஸ் என்றால் 1.2 டெஸ்லா. பெருக்கிவிட்டால் 12 கோடி டெஸ்லா வரும். மருத்துவமனை எம்ஆர்ஐ கருவிகளில் வழக்கமாக இருப்பதே 1.5 அல்லது 3 டெஸ்லா என்பதை நினைவில் வைத்திருந்தால் இந்தத் தவறு கண்ணில் பட்டுவிடும்.

மில்லிடெஸ்லா என்றால் 10⁻³. மைக்ரோடெஸ்லா என்றால் 10⁻⁶. 1 காஸ் = 0.1 மில்லிடெஸ்லா = 100 மைக்ரோடெஸ்லா.

நீளம் சென்டிமீட்டரில் இருந்தால் 10⁻². பரப்பு சதுர சென்டிமீட்டரில் இருந்தால் 10⁻⁴. பரப்புக்கும் 10⁻² போடுவது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் செய்யும் பிழை. நீளமும் அகலமும் தனித்தனியே மாறுகின்றன, அதனால் இரண்டு தடவை.

பழைய புத்தகங்களில் ஓர்ஸ்டெட் வரும். ஓர்ஸ்டெட்டும், ஆம்பியர் ÷ மீட்டர் என்ற அலகும் காந்தமாக்கும் புலத்துக்கு உரியவை. விசைச் சூத்திரம் கேட்பது காந்தப்பாய அடர்த்தியை, அதாவது டெஸ்லாவை. காற்றில் என்றால், ஆம்பியர் ÷ மீட்டரில் உள்ள எண்ணை 4 × பை × 10⁻⁷ ஆல் பெருக்குங்கள். 800 ஆம்பியர் ÷ மீட்டர் ஏறத்தாழ 0.001 டெஸ்லா, அதாவது 10 காஸ். காற்றில் 1 ஓர்ஸ்டெட்டும் 1 காஸும் எண்ணளவில் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே அலகு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரும்புக்குள் போனவுடன் அந்த நினைப்பு பொய்த்துவிடும்.

காஸ், சென்டிமீட்டர், ஆம்பியர் மூன்றையும் அப்படியே பெருக்கி "டைன்" என்று எழுதாதீர்கள் (டைன் பழைய முறையின் விசை அலகு). 1 காஸ் × 1 ஆம்பியர் × 1 சென்டிமீட்டர் = 10⁻⁴ × 1 × 10⁻² = 10⁻⁶ நியூட்டன். 1 டைன் 10⁻⁵ நியூட்டன். ஆக வருவது 0.1 டைன்தான், பத்து மடங்கு பிசகு. பழைய முறைச் சூத்திரங்களில் பத்தால் வகுக்கும் வழக்கம் இதனால்தான். என் வகுப்பில் டைன் பக்கமே போவதில்லை. முதலில் மாற்று, பிறகு பெருக்கு.

4. கோணமும் நீளமும்: வினா சொல்லாததைப் படத்தில் தேடுங்கள்

கம்பிக்கும் புலத்துக்கும் இடையிலான கோணத்துக்குத்தான் சைன். கம்பி புலத்தின் வழியே கிடந்தால் விசை பூஜ்ஜியம், குறுக்கே கிடந்தால் பெருமம்.

சுருளில் கோணம் எடுக்கும் முறை வேறு. அங்கே சுருளின் தளத்துக்குச் செங்குத்தான கோட்டுக்கும் புலத்துக்கும் இடையே அளக்க வேண்டும். "சுருளின் தளம் புலத்துக்கு இணை" என்று வினா சொன்னால் கோணம் 0 அல்ல, 90 டிகிரி, திருப்புவிசை பெருமம். சைன் 0 என்று போட்டு விடையையே பூஜ்ஜியமாக்கிவிட்டு வருவோர் நீட் எழுதுகிறவர்களிலும் உண்டு.

நீளம் என்றால் கம்பியின் முழு நீளம் அல்ல, புலத்துக்குள் இருக்கும் பகுதி மட்டும். 30 சென்டிமீட்டர் கம்பியில் 5 சென்டிமீட்டர்தான் காந்த முனைகளுக்கு நடுவே இருக்கிறது என்றால் நீளம் 0.05 மீட்டர்.

5. பிரதியிட்டு, அலகை வெட்டி, அளவைப் பாருங்கள்

நம்மூர் வீதிகளை வைத்தே ஒரு கணக்கு. செட்டிநாட்டு ஊர்களில் வீதிகள் நேர்க்கோடாகக் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. கிழக்கு மேற்காக ஓடும் ஒரு வீதியில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே 50 மீட்டர் கம்பி. அதில் 100 ஆம்பியர் நேர்மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்வதாக வைத்துக்கொள்வோம். தென்தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. அது அநேகமாகக் கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்கிறது.

எதன் மீது? கம்பி. கோணம் 90 டிகிரி.

விசை = 40 × 10⁻⁶ × 100 × 50 = 0.2 நியூட்டன்

அலகு: (நியூட்டன் ÷ ஆம்பியர் மீட்டர்) × ஆம்பியர் × மீட்டர். ஆம்பியரும் மீட்டரும் வெட்டுப்பட்டு நியூட்டன் நிற்கிறது. வெட்டிய பிறகு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணைக் கணக்கிடாதீர்கள், முதல் படிக்குத் திரும்புங்கள்.

அளவு: 0.2 நியூட்டன் என்பது சுமார் 20 கிராம் எடை. இவ்வளவு நீளக் கம்பிக்கு அது ஒன்றுமே இல்லை, விடை நம்பும்படி இருக்கிறது. திசைக்கு இடக்கையை நீட்டுங்கள்: சுட்டுவிரல் புலத்தின் வழியே வடக்கே, நடுவிரல் மின்னோட்டத்தின் வழியே கிழக்கே. கட்டைவிரல் மேலே காட்டும். அதே கம்பி தெற்கு வடக்கான குறுக்கு வீதிக்குத் திரும்பினால் விசை ஏறத்தாழ இல்லை. (வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் என்பதால் உண்மையில் அந்த 20 கிராம் மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கும்.)

மின்னூட்டக் கணக்கில் அளவைச் சரிபார்க்கும் முறை வேறு. ஒரு புரோட்டான் வினாடிக்கு 2 × 10⁶ மீட்டர் வேகத்தில் 0.5 டெஸ்லா புலத்துக்குக் குறுக்கே போகிறது. விசை = 1.6 × 10⁻¹⁹ × 2 × 10⁶ × 0.5 = 1.6 × 10⁻¹³ நியூட்டன். "இவ்வளவு சின்ன எண்ணா?" என்று பயந்து அடித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். புரோட்டானின் நிறை 1.67 × 10⁻²⁷ கிலோகிராம். வகுத்துப் பாருங்கள்: முடுக்கம் ஏறத்தாழ 10¹⁴ மீட்டர் ÷ வினாடி². விசை சிறிதா பெரிதா என்பது யாரைத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது.

6. இரண்டு கம்பிகள் இருந்தால் இரண்டு படியாகப் போடுங்கள்

இணைக் கம்பிகளுக்கு நேரடிச் சூத்திரம் உண்டு. ஆனால் புதிதாகப் படிப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. இரண்டு கம்பியிலும் 10 ஆம்பியர், நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: முதல் கம்பி, இரண்டாவது கம்பி இருக்கும் இடத்தில் உண்டாக்கும் புலம் = 2 × 10⁻⁷ × 10 ÷ 0.005 = 4 × 10⁻⁴ டெஸ்லா. அதாவது 4 காஸ்.

இரண்டாம் படி: அந்தப் புலத்தில் இரண்டாவது கம்பியின் 1 மீட்டர் நீளத்தின் மீது விசை = 4 × 10⁻⁴ × 10 × 1 = 0.004 நியூட்டன்.

இப்படிப் பிரித்தால், ஒரு கம்பியின் புலத்தை அதே கம்பியின் மீது போட்டு விசை காணும் தவறு வராது. மின்னோட்டம் ஒரே திசை என்றால் கம்பிகள் ஈர்க்கும், எதிர்த்திசை என்றால் விலக்கும்.

7. தராசில் வைத்துச் சரிபாருங்கள்

காகிதத்தில் பத்துக் கணக்குப் போடுவதைவிட இந்த ஒரு சோதனை அதிகம் புரியவைக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். நகைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள்.

சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு ஃபெரைட் காந்தப் பட்டைகளை 'ப' வடிவில் வளைத்த ஒரு இரும்புப் பட்டையின் இரு உட்பக்கமும், எதிர்முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டுங்கள். தராசின் மேல் 5 சென்டிமீட்டர் கனத் தெர்மாகோல் துண்டு, அதன் மேல் இந்தக் காந்த அமைப்பு. தெர்மாகோல் எதற்கு? தராசின் உள்ளே இருக்கும் எஃகுத் திருகுகளைக் காந்தம் இழுத்தால் எடை பொய்யாகிவிடும். மொத்த எடை தராசின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதையும் முன்பே பாருங்கள்.

தடித்த செம்புக் கம்பி ஒன்றைக் காந்தங்களுக்கு நடுவே, எதையும் தொடாமல் கிடைமட்டமாகப் பிடித்து நிறுத்துங்கள். கம்பியைப் பிடிக்கும் தாங்கிகளை மேசை மேல் வையுங்கள். ஒவ்வொரு தாங்கிக்கும் ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லை அடியில் ஒட்டிவிட்டால் அசையாது. கம்பி நடுங்கினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

12 வோல்ட் பேட்டரியோடு, 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றையும் மல்டிமீட்டரையும் தொடராக இணையுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். பல்பு இல்லாமல் செம்புக் கம்பியை நேரே பேட்டரியில் கொடுக்கவே கூடாது: கம்பி பழுத்துவிடும், பேட்டரியும் கெடும், கையும் வெந்துவிடும்.

தராசைப் பூஜ்ஜியமாக்கி, மின்னோட்டத்தைப் பாய விடுங்கள். எடை மாறும். கம்பியைக் காந்தம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு கம்பியும் காந்தத்தைத் திருப்பித் தள்ளுகிறது. தராசு காட்டுவது அதைத்தான். பிறகு இணைப்பை மாற்றி மின்னோட்டத்தை எதிர்த்திசையில் விட்டு மறுபடி குறியுங்கள்.

மாதிரிக்கு: ஒரு திசையில் +0.74 கிராம், மறு திசையில் −0.70 கிராம், மின்னோட்டம் 1.8 ஆம்பியர். குறியை விட்டுச் சராசரி எடுத்தால் 0.72 கிராம். இரு திசையிலும் எடுப்பது, தராசின் பூஜ்ஜியம் சற்று நகர்ந்திருந்தால் அந்தப் பிழை அடிபட்டுப் போவதற்காக.

விசை = 0.00072 × 9.8 = 0.00706 நியூட்டன்

புலம் = 0.00706 ÷ (1.8 × 0.05) = 0.078 டெஸ்லா, அதாவது ஏறத்தாழ 780 காஸ்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். கிராமை நியூட்டனாக்க மறந்து 0.72 ஐ அப்படியே போடுவது ஒன்று. கிராமைக் கிலோவாக்காமல் 9.8 ஆல் மட்டும் பெருக்குவது மற்றொன்று. முதல் பிழையில் காந்தம் 8 டெஸ்லா ஆகிவிடும், இரண்டாவதில் 78 டெஸ்லா. அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரும் அளவுக்குப் பழகிவிட்டால் போதும்.

8. இரும்பை இழுக்கும் விசை: ஆச்சியின் கேள்வி

இரும்பில் நாம் கொடுத்த மின்னோட்டம் ஏதும் இல்லை. புலமே அதைக் காந்தமாக்கி, பிறகு இழுக்கிறது. இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தட்டையான கனத்த இரும்பு, காந்தத்தின் முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்தால்:

விசை = புலம்² × பரப்பு ÷ (2 × 4 × பை × 10⁻⁷)

1.2 டெஸ்லா, 1 சதுர சென்டிமீட்டர் என்றால்: 1.44 × 10⁻⁴ ÷ (2.51 × 10⁻⁶) = ஏறத்தாழ 57 நியூட்டன். கிட்டத்தட்ட 5.8 கிலோ. புலம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு என்பதையும் கவனியுங்கள். நடுவே ஒரு தாள் கனம் இடைவெளி வந்தாலும் புலம் குறையும், அதன் வர்க்கமாக இழுவையும் குறையும். அதனால் இந்த 5.8 கிலோ மேல் எல்லை மட்டுமே.

மாவில் இருப்பதோ துகள். துகளுக்குப் புலம் எவ்வளவு என்பது போதாது. தூரத்தோடு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதும் வேண்டும். எங்கும் ஒரே அளவாக இருக்கும் புலம், எத்தனை டெஸ்லா ஆனாலும், துகளைத் திருப்புமே தவிர இழுக்காது.

விசை = துகளின் காந்தத் திருப்புத்திறன் × (புலத்தின் மாற்றம் ÷ தூரம்). துகள் எவ்வளவு வலுவான சிறு காந்தமாகிறது என்பதன் அளவே திருப்புத்திறன்.

அலகைப் பாருங்கள்: ஆம்பியர் மீட்டர்² × டெஸ்லா ÷ மீட்டர். வெட்டினால் நியூட்டன்.

1 கன மில்லிமீட்டர் இரும்புத் துகள், 0.1 டெஸ்லா உள்ள இடத்தில் நிற்கிறது. உருண்டை வடிவம் என்று கொண்டால் அதன் திருப்புத்திறன் சுமார் 0.00024 ஆம்பியர் மீட்டர்². அந்த இடத்தில் 1 சென்டிமீட்டருக்கு 0.1 டெஸ்லா வீதம் புலம் குறைகிறது என்றால், மாற்றம் மீட்டருக்கு 10 டெஸ்லா. விசை 0.0024 நியூட்டன். துகளின் எடை சுமார் 0.00008 நியூட்டன், இழுவை எடையைப் போல முப்பது மடங்கு. துகள் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளிப் போனால் புலமும் அது குறையும் வேகமும் சேர்ந்தே விழுவதால், அங்கே உள்ள துகள் தப்பிவிடும்.

ஆச்சியிடம் கிலோக் கணக்கு எதையும் சொல்லவில்லை. கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டு வரச் சொன்னேன். அந்த 12,000 காஸ் தண்டின் எந்த இடத்தில் அளந்தது? இவ்வகைத் தண்டுகளில் உள்ளே காந்தத் துண்டுகள் சேரும் இடங்களில்தான் புலம் உச்சம், நடுவில் குறைவு. தண்டின் மேற்பரப்பிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி எத்தனை காஸ்? மாவு தண்டின் மேல் எத்தனை கனமாக விழும்? மாவை மெல்லிய படலமாக விழவிட்டால் குறைந்த காஸ் தண்டே போதும்; கனமாகக் கொட்டினால் எந்தத் தண்டும் எல்லாத் துகளையும் பிடிக்காது.

கூடவே ஒன்றையும் சொன்னேன்: மாவு அரைக்கும் இடத்தில் தேய்வது துருப்பிடிக்காத எவர்சில்வர் பாகம் என்றால், அந்தத் துகளில் பல வகை காந்தத்துக்குச் சரியாக ஒட்டாது. அதற்குச் சல்லடைதான். ஒரு பிடி மாவில் நாலு இரும்புத் துகளும் நாலு எவர்சில்வர்த் துகளும் கலந்து, கடையிலேயே தண்டின் மேல் தூவிப் பார்த்துவிட்டு, பிறகு அந்த மாவைக் கொட்டிவிட்டு வாருங்கள் என்றேன்.